எதிர்மலை தெரியுது

ஜூன் 3, செவ்வாய்

குரல் சுத்தமாகப் போய்விட்டது. காலையில் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் "வணக்கம்" என்றேன், வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை ஒரு கீச்சு. மூன்றாவது தடவைக்குள் தம்பி ஓடி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டான். "விடுக்கா. இதைக் கேட்டா வர்றவனும் வரமாட்டான்."

டாக்டர் வாயைப் பிளக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வீக்கமாம். ஒரு வாரம் பேசவே கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது. யாரிடம் வந்து என்ன சொல்கிறார் இந்த மனுஷன்! தம்பி பொண்டாட்டி ஒரு ஸ்லேட்டும் சாக்பீஸும் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். "இனிமே எங்களைத் திட்டறதா இருந்தா எழுதித்தான் திட்டணும், அண்ணி." மூன்று பேரும் சிரித்தோம். என் சிரிப்புக்கு மட்டும் சத்தம் இல்லை.

ஸ்லேட்டில் இடம் போதவில்லை. அதனால்தான் பல வருஷம் கழித்து இந்த நோட்டு.

ஜூன் 5

இரண்டு நாளாகக் காலைச் சேதி அனுப்பவில்லை. கை பரபரக்கிறது.

கீழ் வளைவில் புதிதாக வந்திருக்கிற ஓட்டலைப் போல எங்கள் விடுதிக்குக் கண்ணாடி வராந்தா கிடையாது. எங்களிடம் இருப்பது ஆறு அறைகளும் இந்தச் சேதியும்தான். விடிந்ததும் மாடியில் நின்று பார்த்து, பார்த்ததை என் குரலில் சொல்லிப் பதிந்து, பழைய விருந்தாளிகள் எல்லோருக்கும் விடுதி போனிலிருந்து அனுப்புவேன். மேகம் எங்கே நிற்கிறது, காற்று எப்படி, ரோடு காய்ந்திருக்கிறதா, ஸ்வெட்டர் ஒன்றா இரண்டா. கடைசியில் எப்போதும் ஒரே வரி — எதிர்மலை தெரியுது, இல்லையென்றால் எதிர்மலை தெரியல. கீழே சமவெளியில் வெந்துகொண்டிருக்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள்.

தெரியாத மலையைத் தெரியுது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கோடையில் கூட்டம் முண்டியடிக்கிற நாளில்கூட "தூசி மூட்டம், பாதி மலைதான்" என்று சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் இன்னும் மோசம். "இப்ப வராதீங்க, வந்தா சுவத்தைத்தான் பாத்துட்டு உக்காரணும்" என்பேன். தம்பி தலையில் அடித்துக்கொள்வான். "கடை வாசல்ல நின்னு உள்ள வராதீங்கன்னு கத்தற முதலாளி உலகத்துலயே நீ ஒருத்திதான்."

இன்னொன்று. சேதி சொல்லும்போது நடுவில் இன்னமும் ஓர் இடத்தில் நிறுத்துகிறேன், மேனேஜர் குரைப்பதற்காக. எந்நேரமும் வாசல் மேஜைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பான் என்று விருந்தாளிகள் அந்த நாய்க்கு வைத்த பெயர். நான் மாடியில் பேச ஆரம்பித்தால் அவனும் பேசியாக வேண்டும். உறைபனி கொட்டிய ஜனவரியில் செத்துப்போனான். அவன் படுத்த சாக்கை இன்னும் எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தபால்காரர் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனாலும் எங்களுக்கு அவர் தபால்காரர்தான். வருஷா வருஷம் மழை முடிந்ததும் வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு வந்து தங்குவார். அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. காய்ந்த குளிர் ஒத்துக்கொள்ளும், ஈரம் ஆகவே ஆகாது. கிழக்கு அறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தாலே நெஞ்சு விரியுது தங்கச்சி என்பார்.

தம்பி ஸ்பீக்கரில் போட்டான். நான் ஸ்லேட்டில் எழுத எழுத, அவன் படித்துச் சொன்னான்.

"கீழ அனல் தாங்கல, தங்கச்சி. அவளுக்கு மூச்சு முட்டுது. இப்பவே கூட்டிட்டு வந்துடட்டுமா?"

வேண்டாம் என்று பெரிதாக எழுதினேன். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மழை காத்து நிற்கிறது. பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: "மலை தெரியுதுன்னு நான் என் வாயால சொல்ற அன்னிக்குக் கிளம்புங்க. அதுவரைக்கும் அசையாதீங்க." தம்பி ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தான்.

"சரி, உன் வாய்க்காகத்தான் காத்திருக்கேன். சீக்கிரம் சரி பண்ணிக்கோ" என்றார்.

ஜூன் 11

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் எதிர்மலையின் தோளில் சின்னதாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. மாடியில் காயப்போட்ட போர்வைகளை நான் சுருட்டி எடுப்பதற்குள் மலையே இல்லை. சாயங்காலம் தெருமுனை இல்லை. இப்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்.

இனி இந்த வீட்டின் சட்டதிட்டமே வேறு. கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த வராது. ஜாடியில் உப்பு கசிந்து தண்ணீராக நிற்கும். செருப்பில் பச்சை பூக்கும். துவைத்த துணி ஹீட்டர் முன்னால் நாற்காலி முதுகில் கிடந்து காயும், காய்ந்த பிறகும் நாறும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும், மேகம் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும்.

சாப்பிடும்போது தம்பி தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். போன மழைக்காலம் அறைகள் காலியாகக் கிடந்ததால் எங்கள் வேனைக் கீழே கொண்டுபோய் வாடகைக்கு ஓட்டினான். வேனிலேயே படுத்துத் தூங்கி, இருமலும் சிரங்குமாகத் திரும்பி வந்தான். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "இந்த வருஷம் நான் கீழ போகமாட்டேன்க்கா. என்ன ஆனாலும் போகமாட்டேன்."

அவனுக்கு நான் என்ன பதில் எழுதுவது? 'பார்த்துக்கலாம்' என்று எழுதினேன். ஸ்லேட்டே ஈரமாக இருந்தது, எழுத்து சரியாக விழவில்லை.

ஜூன் 14, சனி

ஒரு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது. ரோடு வழுக்கும், நீ வர வேண்டாம் என்று தம்பியே போய் டாக்டரிடம் கேட்டு வந்தான். உள்ளே நரம்பில் ஏதோ கோளாறாம். இன்னும் ஒரு மாதத்துக்கு மூச்சு விடக் கூடாது, மீறினால் குரல் நிரந்தரமாகப் போய்விடுமாம். குரல் இல்லாத என்னை வைத்துக்கொண்டு இந்த வீடு என்ன செய்யும்?

காலைச் சேதியைத் தம்பி எழுத்திலேயே அனுப்பிவிடுகிறானாம். "மழை, வராதீங்க — இதை எழுத எவ்வளவு நேரம்? நீ அந்தப் போனையே மறந்துடு. ரெஸ்ட் எடு." என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் பேச மட்டும்தான் முடியும். பேசவும் கூடாது என்றால் அலாரத்துக்குத்தான் ஆகும்.

தம்பி பொண்டாட்டி உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து, நான் கொப்பளித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயசு, தலைக்கு எண்ணெய் வைத்து வளர்த்தது நான்தான். அதெல்லாம் வீண்போகவில்லை. நல்ல பிள்ளைகள். கொடுத்துவைத்தவள் நான்.

ஜூன் 22, ஞாயிறு

அதிசயம்! ஆறு அறையில் நாலு நிரம்பிவிட்டது, அதுவும் இந்தக் கொட்டுகிற மழையில். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தம்பி சொல்கிறான், "இப்ப அதுதான்க்கா ஃபேஷன். மழை பாக்கறதுக்குன்னே வர்றாங்க." இருக்கலாம். காலம் மாறிக்கொண்டே இருக்கிறது, நான்தான் ஸ்வெட்டரும் கையுமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

ஆனால் மழையைப் பார்க்க வந்தவர்கள் முகத்தில் மழையைப் பார்த்த சந்தோஷத்தைக் காணோம். ஒரு குடும்பம் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருக்கிறது. தலைக்கு ஒரு ஸ்வெட்டர்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். ராத்திரி எங்கள் போர்வை எல்லாவற்றையும் கொடுத்தும் குளிர் தாங்காமல் மொத்தப் பேரும் ஒரே கட்டிலில் சுருண்டுகொண்டார்கள். விசாரிக்காமல் கொள்ளாமல் கிளம்பி வருகிறார்கள் பார், என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஹீட்டர் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

ஜூன் 25

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக "ஆ" என்று பார்த்தேன். வந்த மாதிரி இருந்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டாம் நம்பர் அறைப் பெண் காலி செய்யும்போது என்னிடம் வந்து நின்றாள். "உங்க குரல் மட்டும் ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். சிரிக்கவில்லை. நான் ஸ்லேட்டைத் தேடி எடுப்பதற்குள் தம்பி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டான். அவள் புருஷன் கார் பக்கத்தில் நின்று எகிறிக்கொண்டிருந்தான். தம்பி குழைந்தான்: "நேத்து வரைக்கும் பளிச்சுன்னு இருந்துச்சு சார். மலையில இப்படித்தான், சொல்லாம கொள்ளாம மாறிடும்."

நேற்று வரைக்கும் பளிச்சென்றா? நேற்று எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

குரலைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று எழுதிக் காட்டினேன். பழைய மெசேஜ் எதையோ கேட்டிருப்பாள் என்றான். வியாபாரத்துக்கு இந்த மாதிரிப் புளுகாதே என்று எழுதித் திட்ட நினைத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கியது, ஓடினேன், மறந்துபோனேன்.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலப் பேருந்தில் தபால்காரரும் வீட்டம்மாவும் வந்து இறங்கியிருக்கிறார்கள். இந்த மழையில்! குடைகூட இல்லை. பேருந்து நிற்கிற இடத்திலிருந்து நனைந்துகொண்டே நடந்து வந்து, அந்த அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

'ஏன் இப்போ வந்தீங்க?' என்று எழுதிக் காட்டினேன். தபால்காரர் படித்தார். திரும்பவும் படித்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"நீ சொல்லித்தானேம்மா வந்தோம்."

அதற்குள் வீட்டம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, பேச்சு அதோடு நின்றது. தம்பி கிழக்கு அறைக்கு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தம்பி பொண்டாட்டி துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

நான் எப்போது சொன்னேன்? எதைச் சொன்னேன்?

ஜூலை 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

விடியும் நேரத்தில் வீட்டம்மாவுக்கு மூச்சு எட்டவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தம்பிதான் வேனை எடுத்தான். கடைத்தெரு வளைவில் மேகம் இறங்கி ரோடே இல்லை, நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓரத்துச் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் கொஞ்சம் தேறியதும் கீழே இறக்கிவிட வேண்டும் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் போனை எடுத்து எனக்குப் போட்டுக் காட்டினார்.

என் குரல்.

"வணக்கம். காலையிலேருந்து நல்ல வெயில். மேகம் ஒரு பொட்டு இல்ல. ரோடு காஞ்சிருக்கு. ஸ்வெட்டர் ஒண்ணு போதும்." அப்புறம் நாய் குரைத்தது. "சும்மா இருடா மேனேஜர், நான் பேசிட்டிருக்கேன்ல." என் சிரிப்பு. "எதிர்மலை தெரியுது."

வெள்ளிக்கிழமை காலையில் வந்ததாம். மேனேஜர் செத்து அரை வருஷம் ஆகிறது.

அந்த நேரம் பார்த்து என் தொண்டையைப் பார்த்த அதே டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஸ்லேட்டு வீட்டில் கிடக்கிறது, கையால் ஜாடை காட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "இன்னுமா பேசாம இருக்கீங்க? போன மாசமே உங்க தம்பிகிட்ட சொன்னேனே, தாராளமா பேசலாம்னு."

தாராளமாக.

"நான் சொல்லல" என்றேன், தபால்காரரைப் பார்த்து, சத்தமாக. குரல் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். "நான் சொல்லலண்ணே. இது பழசு. எப்பவோ சொன்னது. அந்த நாய் செத்துப்போச்சு."

அவர் தலையை ஆட்டினார். எதையும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கண் அந்த வார்டு கதவின் மேலேயே இருந்தது.

"உன் குரல்தானேம்மா" என்றார்.

ஜூலை 8

வீட்டம்மாவை ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோய்விட்டார்கள். வண்டி கிளம்பும்போது தபால்காரர் என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் மேஜைக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்டேன். நான் வாயைத் திறந்ததும் தம்பி பொண்டாட்டி திடுக்கிட்டாள். என்னவோ ஸ்லேட்டே பேசிவிட்ட மாதிரி.

தம்பி முதலில் தலையைக் குனிந்தான். அப்புறம் நிமிர்ந்தான். "என்ன பொய்? ஒரு வார்த்தை நான் சேத்தேனா? எல்லாம் நீ சொன்னதுதானே. அன்னிக்கு மலை தெரிஞ்சுதா இல்லையா?"

"அன்னிக்குத் தெரிஞ்சா இன்னிக்குத் தெரிஞ்சதாடா?"

"வந்தவங்களுக்கு நாம என்ன குறை வெச்சோம்? சூடா சாப்பாடு, ஹீட்டர், போர்வை. அந்தக் கண்ணாடி வராந்தாக்காரன் வெயில் காலத்துப் போட்டோவை மழைக்காலத்துல போடறான், அவனை யாராவது கேக்கறாங்களா? எழுதி அனுப்பினா எவனும் நம்பலக்கா. உன் குரல்னாதான் வர்றாங்க."

"என் குரல்னா வர்றாங்கன்னு என் வாயை அடைச்சியா? டாக்டர் சொன்னதை மாத்திச் சொன்னியா?"

அவன் தலை மறுபடி குனிந்தது.

"தபால்காரர்கிட்ட அசையாதீங்கன்னு நான் எழுதினேன். படிச்சது யாரு? நீதானேடா படிச்ச? உன் வாயாலதானே படிச்ச?"

"எல்லாருக்கும் ஒண்ணா போயிடுச்சு. அவர் பேரை மட்டும் எடுக்கணும்னு தோணவே இல்லக்கா" என்றான். உண்மையாகத்தான் சொல்கிறான். தோணவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் அவள் பேசினாள். பழைய சேதிகளை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கி எடுத்தது அவளாம். அவன் எதற்கும் பொறுமை இல்லாதவன், எனக்கே தோன்றியிருக்க வேண்டும். நான் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது டம்ளரோடு பக்கத்தில் நின்றாளே — அதற்கு முன்னாலோ பின்னாலோ அறைக்குள் போய் என் குரலை ஓட்டி ஓட்டிக் கேட்டிருக்கிறாள்.

"நாய் சத்தம் இல்லாததா பாத்துத்தான் எடுத்தேன், அண்ணி" என்று அழுதாள். "இது ஒண்ணு எப்படியோ தப்பிடுச்சு."



ஜூலை 9

உப்பு வெந்நீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பழக்கதோஷம். ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

ஜூலை 12, சனி

விடுதி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தம்பி படியில் வழிமறித்தான். "அக்கா, சொன்னா அவ்வளவுதான். ஒருத்தன் வரமாட்டான். யோசிச்சுக்கோ." அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். அவனிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மாதம் பேசாமல் இருக்க அவன்தானே பழக்கினான்.

"வணக்கம். எதிர்மலை தெரியல. ஒரு மாசமா தெரியல. ஜூன் பாதியிலேருந்து என் குரல்ல உங்களுக்கு வந்ததெல்லாம் பழசு. எனக்குத் தெரியாம என் வீட்டுலேருந்தே அனுப்பியிருக்காங்க. நம்பி வந்து நனைஞ்சு போனவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். மழை விடற வரைக்கும் வராதீங்க." எவ்வளவோ பெரிதாகப் பேச நினைத்து இவ்வளவுதான் வந்தது. நடுவில், குரைப்புக்கு விடுகிற இடத்தில், பழைய மாதிரி நிறுத்தினேன் என்று பிறகுதான் உறைத்தது.

சாயங்காலத்துக்குள் எல்லா அறையும் ரத்து. ஒருத்தர் மட்டும் பதில் போட்டிருந்தார், யாரென்று நினைவில்லை.

"இது எந்த வருஷம் பேசினது?"

ஜூலை 20

தம்பி கீழே போய்விட்டான். வேன் ஓட்ட. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பை தோளில் மாட்டியிருந்தது. சமையலறை வாசலில் கொஞ்சநேரம் நின்றான், நான் நிமிரவில்லை, போய்விட்டான். ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டானோ இல்லையோ.

ராத்திரிச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே தம்பி பொண்டாட்டி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவர் மறுபடி அந்த வேன்ல படுக்கக் கூடாதுன்னுதான் அண்ணி செஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல." நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே! வாயைக் கட்டிப் போட்டிருந்த எனக்குக் காது நன்றாகத்தானே கேட்டது? இரண்டு அறைகளை மாச வாடகைக்கு விடலாம் என்றோ, நான் கீழே போய் யார் வீட்டிலாவது சமைக்கிறேன் என்றோ ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்டால் மாட்டேன் என்பேன் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், சேதி விஷயத்தில். அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் 6

மழை. எதிர்மலை தெரியல. கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, அனுப்பினேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஆளில்லாத அறைகளைத் தினமும் திறந்து மூடுகிறேன், இல்லாவிட்டால் மெத்தையில் பூஞ்சை பிடித்துவிடும். கிழக்கு அறை நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடியே கிடக்கிறது. அதை நகர்த்த மனசு வரவில்லை.

மேனேஜர் குரைப்பதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. போனில் இருக்கிறான், ஒரு தட்டு தட்டினால் வந்துவிடுவான். ஆனால் அவனுக்கு முன்னால் நான் வருவேனே. நல்ல வெயில், ஸ்வெட்டர் ஒண்ணு போதும் என்பேனே. அந்தக் குரலைக் கேட்டால் உடம்பு கூசுகிறது. எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன்! அதைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறாள், அந்தச் சந்தோஷத்தை. முகம் தெரியாத திருடன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சாப்பாடு போட்ட கை, வெந்நீர் கொடுத்த கை. இதை எங்கே போய்ச் சொல்வது, யாரிடம் போய் அழுவது?

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் மழை நின்றது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. காற்று வடக்கே திரும்பியிருக்கிறது. முகத்தில் பட்டதும் தெரிந்துவிடும், ஈரம் இல்லாத குளிர். குளியலறைக் கதவு ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

தம்பி வந்துவிட்டான். இளைத்திருக்கிறான், இருமுகிறான். அவனுக்கு வேண்டியதை நான் பொண்டாட்டியிடம் சொல்கிறேன், அவள் அவனிடம் சொல்கிறாள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. வெளியாள் பார்த்தால் சிரிப்பான்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடிந்ததும் மாடிக்குப் போனேன். வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் இப்படி அமையும். எதிர்மலையில் பாறை இடுக்கு, அதில் வழிகிற தண்ணீர்க் கோடு, உச்சியில் ஒற்றையாக நிற்கிற மரம், எல்லாம் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மழை கழுவி வைத்த வானம். போனில் சொன்னேன், மேகம் இல்லை, ரோடு காய்ந்திருக்கிறது, ஸ்வெட்டர் ஒண்ணு போதும். எதிர்மலை தெரியுது.

காபி குடித்து முடிக்கிறவரை பதில் இல்லை. அப்புறம் தபால்காரரிடமிருந்து எழுத்தில் வந்தது. ஜூலைக்குப் பிறகு முதல் தடவை.

"அவளை இனிமே மலை ஏத்தவே கூடாதுன்னுட்டாங்க. ஒரு போட்டோ அனுப்பு தங்கச்சி, காட்டறேன். இன்னிக்கு எடுத்ததுன்னு தெரியற மாதிரி எடு. அவ கேக்கறா."

அவர் கேட்கவில்லை, அவர் மனைவி கேட்கிறாராம். அந்த நாசூக்கு எனக்குப் புரிந்தது. கொஞ்சநேரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். இன்றைய தேதி போட்ட பொருள் வீட்டில் என்ன இருக்கிறது?

காலையில் வந்த பால் பாக்கெட். பாலைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, கழுவித் துடைத்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பாக்கெட். காற்றில் அது படபடவென்று மடங்கியது. மலை தெரிந்தால் தேதி தெரியவில்லை, தேதி தெரிந்தால் மலை வெளுத்துப்போனது.

தம்பி போர்வைக் கட்டைக் காயப்போட எடுத்துக்கொண்டு மேலே வந்தான். நின்று பார்த்தான். என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கினான். இரண்டு முனையையும் விரித்துப் பிடித்து, சுவருக்கு வெளியே கையை நீட்டினான். நான் போனை உயர்த்தினேன். திரையில் மலை, அதற்கு முன்னால் அவன் கைகள், பாக்கெட். கட்டைவிரல் தேதியின் மேல் இருந்தது.

"விரலை எடு" என்றேன். "தேதியை மறைக்குது."

எடுத்தான்.